கூரைக் கால்வாயும் குடும்ப க்ஷேமமும்



பழவேற்காடு ஏரியை அண்டி வாழ்வோருக்கு, வாய் அடைபட்ட நீர்நிலையின் கஷ்டத்தை மற்றொருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால், கடலிலிருந்து மீனும் இறாலும் ஏரிக்குள் வருவது குன்றுகிறது. படகுகளும் கடலுக்குச் செல்ல வழியின்றித் தடைப்படுகின்றன. முகத்துவாரத்தைத் திறந்து வைக்கவேண்டுமென்று சர்க்காருக்கு விண்ணப்பம் செய்யும் அதே குடும்பத்தார், தம் தலைக்கு மேலேயே மற்றொரு வாய் அடைபட்டிருப்பதைப் பல சமயங்களில் கவனிப்பதில்லை. கூரையில் விழும் மழைநீர் வெளியேறும் வழியே அது. அதனை எத்தனை காலத்திற்கொருமுறை சுத்தம் செய்யவேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் விஷயம்.

முன்னாளில் பனையோலை வேய்ந்த குடிசைக்கு இக்கவலை இல்லை; மழைநீர் இறவாரத்தின் வழியே எங்கும் சொட்டி மணலில் மறைந்துவிடும். இப்பொழுதோ ஓட்டு வீடுகளும், தகரமும் கல்நார்த் தகடும் போட்ட வீடுகளும் உள்ளன. 2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்த பின்னர், கடற்கரைக் கிராமங்களில் கான்கிரீட் தளமிட்ட வீடுகள் பல எழுந்தன. ஓட்டு வீட்டில் இரு சரிவுகள் சேரும் கூடல்வாய், தகட்டு வீட்டில் இறவாரத்தின் கீழ்க் கட்டிய கால்வாய், தளமிட்ட வீட்டில் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் ஆகிய மூன்றையும் இங்கே கூரைக் கால்வாய் என்று ஒரே பெயரால் குறிப்பது போதும்.

இது அடைபட்டால் விளையும் தீங்குகள் மூன்று.

முதலாவது, வீட்டிற்கு நேரும் சேதம். சவுக்கு இலையும் வேப்பஞ்சருகும் காற்றில் வந்த மணலும் சேர்ந்து சேறாகி, ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. கருவாடு உலர்த்தும் கிராமங்களில், காக்கைகள் கொண்டுவந்து போடும் மீன்முள்ளும் செதிளும் இவற்றுடன் சேருகின்றன. உப்புக்காற்று வீசும் இடத்தில் ஈரம் தங்கிய தகரம் விரைவில் துருவேறி ஓட்டையாகிறது. தளத்தில் நீர் நின்றால் அது கான்கிரீட்டினுள் இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து, மேற்பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. பாரமும் அற்பமானதன்று. 40 சதுர மீட்டர் தளத்தில் 10 செ.மீ. உயரம் நீர் நின்றால், அதன் எடை 4,000 கிலோவாகும்.

இரண்டாவது, நோய். டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் மழைநீரையே நாடுகிறது. முட்டை கொசுவாக மாறுவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும். மேலும் அது தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டி வைக்கிறது. அம்முட்டைகள் நீரின்றி உலர்ந்தும் பல மாதங்கள் உயிருடன் இருந்து, அடுத்த மழை வந்தவுடன் பொரிகின்றன. ஆகையால் தேங்கிய நீரைக் கொட்டிவிடுவது மாத்திரம் சுத்தமாகாது. பக்கங்களைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இவ்வேரியில் முறை வைத்து மீன்பிடிக்கும் பாடு வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. தம் முறை வரும் நாளில் ஒரு குடும்பத்தின் உழைப்பாளி ஜுரத்தில் கிடந்தால், அக்குடும்பம் இழப்பது எவ்வளவு என்பதை அவரவரே அறிவர்.

மூன்றாவது, நல்ல தண்ணீர் வீணாதல். ஏரியும் உப்பு, கடலும் உப்பு. மணலின் கீழ் மழையால் சேர்ந்த நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக மிதந்து நிற்கிறது. அதிகம் இறைத்தால் கீழுள்ள உப்பு மேலே ஏறிவிடும். அதை மீண்டும் நிரப்புவது மழை ஒன்றே. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். 40 சதுர மீட்டர் கூரையில் ஒரு நாள் 50 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். இதனைத் தொட்டியிலோ, கிணற்றருகே தோண்டிய உறிஞ்சு குழியிலோ சேர்க்கலாம். 2003-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் கட்டிடங்களுக்கெல்லாம் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் கருத்தும் இதுவே. குழாய் இருந்தும் அதன் வாய் அடைபட்டிருந்தால், சட்டத்தை நிறைவேற்றியதாகுமே தவிர, குடத்தை நிறைத்ததாகாது.

இனி, எத்தனை முறை என்ற கேள்விக்கு விடை. வருஷத்திற்கு இருமுறை எந்த வீட்டிலும் தவறலாகாது. முதல் முறை புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன்; உலர்ந்து கிடக்கும் கொசு முட்டைகளையும் அப்பொழுதே தேய்த்து நீக்கலாம். இரண்டாம் முறை தை மாதத்தில், மழை ஓய்ந்த பின்; அடுத்த மழை வரையில் ஈரச்சேறு தங்காமல் தகரம் காய்ந்திருக்க இது உதவும். வேம்பு, பூவரசு, சவுக்கு இவற்றின் நிழலில் உள்ள வீட்டிற்கு மேலும் இருமுறை வேண்டும். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்ப்பதால் வைகாசிக் கடைசியில் ஒரு முறையும், மழை நடுவே கார்த்திகையில் ஒரு முறையும் செய்க. புயல் அடித்த மறுநாள், மாதக் கணக்கைப் பாராமல் உடனே பார்வையிடுதல் அவசியம். மழை நாட்களில் வாரம் ஒருமுறை நீர் தேங்கியுள்ளதா என்று பார்த்துவிட்டால், கொசு பிறக்குமுன்னரே அதன் வழி அடைபடும்.

செய்யும் முறை எளிது. ஈர்க்கு விளக்குமாறும் ஒரு கூடையும் ஒரு வாளி நீரும் போதும். முதலில் சேற்றையும் சருகையும் கையால் அள்ளிக் கூடையிலிடுக; குழாய்க்குள் தள்ளிவிடலாகாது. பின்னர்த் தேய்த்துக் கழுவி, நீர் தடையின்றி ஓடுகிறதா என்று பார்க்க. நீர் நிற்கும் இடமிருந்தால் வாட்டம் குறைந்துவிட்டதென்று அறிந்து, தாங்கியைச் சரிசெய்தல் வேண்டும். கிழிந்த நைலான் வலைத் துண்டைக் குழாயின் வாயில் கட்டினால் சருகு உள்ளே இறங்காது. ஆனால் அவ்வலையையும் அவ்வப்போது துடைக்கவேண்டும். அள்ளிய குப்பையைத் தென்னையின் அடியில் புதைத்தால் எருவாகும். பருவத்தின் முதல் மழைநீரைத் தொட்டியில் விடாமல் வெளியே போக்கிவிடுக. பறவை எச்சமும் தூசியும் அதனோடு போய்விடும்.

ஜாக்கிரதை வேண்டிய இடமும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் என்று வழங்கும் கல்நார்த் தகட்டின் மேல் ஒருவரும் கால் வைக்கலாகாது. அது சட்டென்று உடையும். உலர்ந்த நிலையில் அதைச் சுரண்டினால் எழும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நீர் தெளித்து, ஏணியில் நின்றபடியே துடைப்பது நலம். ஏணியை மணலில் நிறுத்தாமல் பலகையின் மேல் நிறுத்தி, மற்றொருவர் பிடித்துக்கொள்ளவேண்டும். சிறுவரையும் முதியோரையும் ஏற்றலாகாது. விதவையர், வயோதிகர் வாழும் வீடுகளுக்கு, புரட்டாசியில் ஒரு நாள் கிராமத்து வாலிபர்கள் சேர்ந்து சென்று இவ்வேலையை முடித்துக் கொடுப்பது சிறந்த தொண்டாகும்.

கொசு உற்பத்தியாகும்படி நீரைத் தேக்கி வைத்தலைத் தடுக்கும் விதிகள் 1939-ம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே அமைந்துள்ளன. எனினும் சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதைவிடத் தம் குடும்பத்தின் நன்மையை உணர்ந்து செய்வதே மேலானது. முகத்துவாரத்தைத் திறப்பதற்குப் பெரும் பொருளும் பலர் உழைப்பும் வேண்டும். கூரையின் வாயைத் திறப்பதற்கு வலை உலரும் ஒரு மாலைப்பொழுது போதும்.