பெட்டிக்கடை, ஒன்றுக்குப் பன்னிரண்டு

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒரு கமர்கட் எவ்வளவு பெருசு இருக்கும்? தோராயமா ரெண்டு சென்டிமீட்டர் விட்டம்னு வெச்சுக்கோங்க. அதை 12ஆல வகுத்தா 1.7 மில்லிமீட்டர் வரும். கடுகை விட இம்மி பெருசு. கடந்த நாலு மாசமா ஆபீஸ் முடிஞ்சு வந்ததும் இந்த கடுகு சைஸ் கமர்கட்டைத்தான் உருட்டிட்டு இருக்கேன். அந்தக் கதைதான் இன்னைக்கு.

இந்த ஹாபிக்குப் பேர் மினியேச்சர். பொம்மை வீட்டுக்குள்ள வைக்கிற குட்டிச் சாமான்கள் செய்யறது. நம்ம ஊர் சொப்புச் சாமானும் குட்டிதான், ஆனா அதுல அளவுக் கணக்கு கிடையாது. இதுல உண்டு. உலகம் முழுக்க அதிகமா புழங்கற அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. நிஜத்துல ஒரு அடி இருந்தா, பொம்மையில ஒரு இஞ்ச். எல்லாமே ஒரே விகிதத்துல இருந்தாத்தான் கண்ணு நம்பும். ஒரு டம்ளர் மட்டும் கொஞ்சம் பெருசாப் போனாக்கூட மொத்தமும் பொம்மையா தெரிஞ்சிடும்.

செய்யறது பாலிமர் களிமண்ல. பேர்லதான் களிமண், அடிப்படை மண் இல்ல. நம்ம வீட்டு பைப்புல இருக்கிற அதே பிவிசி, நைசான பொடியா. அதை மிருதுவா வெச்சிருக்க பிளாஸ்டிசைசர்னு ஒரு திரவம், அப்புறம் நிறம், முக்கியமா இவ்வளவுதான். நிஜ மண் காயும்போது தண்ணி வெளியேறும், அதனால சுருங்கும், வெடிக்கும். இதுல தண்ணியே இல்ல. சூடு பட்டதும் பிவிசி துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சி, உப்பி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அதனாலதான் 1.7 மில்லிமீட்டர்ல உருட்டினாலும் உருவம் அப்படியே நிக்குது.

இதோட வரலாறும் பொம்மையிலதான் தொடங்குது. ஜெர்மனியில கேத்தே க்ரூஸேன்னு பொம்மை செய்யறதுல பேர் பெற்ற ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க மகள் ஃபிஃபி இப்படி ஒரு களிமண்ணை உருவாக்கினாங்க. பின்னாடி எபர்ஹார்ட் ஃபேபர் கம்பெனி அதை வாங்கி, ஃபிமோங்கிற பேர்ல வித்தாங்க. இன்னைக்கும் கடையில அதே பேர்தான்.

சரி, நான் ஏன் இதுக்குள்ள வந்தேன்?

எங்கப்பா திருநெல்வேலி பக்கம் ஒரு சின்ன ஊர்ல 31 வருஷம் பெட்டிக்கடை வெச்சிருந்தார். என் இன்ஜினியரிங் ஃபீஸ் அந்தக் கடையிலேர்ந்துதான் வந்துச்சு. ரோட்டை அகலப்படுத்தினப்போ கடை போச்சு. அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். வந்ததுலேர்ந்து பால்கனி நாற்காலியில உக்காந்து கீழ போற வண்டிகளைப் பார்ப்பார். "சாப்பிட்டியாலே", "லைட்ட அணைலே", ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு.

கடையோட ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்ல. தினமும் நிக்கிற இடத்தை யார் போட்டோ எடுக்கிறாங்க? சரி, செஞ்சு குடுத்துடலாம், பிறந்தநாளுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நினைச்சேன்.

முதல் வாரம் முழுக்க சொதப்பல்தான். வாழைத்தார்லேர்ந்து ஆரம்பிச்சேன். 15 சென்டிமீட்டர் பழம், 12.5 மில்லிமீட்டர் ஆச்சு. ஆறு சீப்பு, சீப்புக்கு 12, மொத்தம் 72 பழம். மஞ்சளோட டிரான்ஸ்லூசன்ட் களிமண்ணைக் கலந்தா பழுத்த பழத்தோட மினுமினுப்பு வரும். எல்லாம் அழகா வந்துச்சு. ஓடிஜி அவன்ல 130 டிகிரி வெச்சேன். வெளிய எடுத்தா 72 பழமும் கருகிக் கிடக்கு, ரூம் முழுக்க ஒரே நாத்தம். பிவிசி கருகினா வர்ற புகை உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்துட்டு நானும் அப்பாவும் வெளிய போய் நின்னோம்.

அப்புறம் அவனுக்குள்ள வைக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிப் பார்த்தேன். டயல்ல 130, உள்ள 160. லாக் பார்க்காம டாஷ்போர்டை நம்பின கதை. இப்போ மூணு விஷயம் விடாம செய்யறேன். தெர்மாமீட்டர் இல்லாம சுடறதில்ல. பாக்கெட்ல பிராண்டைப் பொறுத்து 110லேர்ந்து 135 வரைக்கும் போட்டிருப்பாங்க, அதுதான் கணக்கு. மேல அலுமினியம் ஃபாயில் மூடி வைப்பேன். களிமண்ணுக்குப் புழங்கற அவன், கத்தி, தட்டு எதையும் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தறதில்ல. இன்னொண்ணு, சூடா வெளிய எடுக்கும்போது வளையும், வேகலன்னு நினைச்சு திரும்ப உள்ள தள்ளாதீங்க. ஆறினாத்தான் இறுகும்.

வெள்ளைக் களிமண் தூசியைக் காந்தம் மாதிரி இழுக்கும். அதனால கையை வெட் வைப்ஸ்ல துடைச்சிட்டு முதல்ல வெள்ளை, கடைசியா கறுப்பு. முறுக்குக்கு சாக் பேஸ்டலைச் சுரண்டி, அந்தப் பொடியைத் தூரிகையால ஓரத்துல தடவிட்டு சுட்டா, எண்ணெயில பொரிச்ச நிறம் வந்துடும். மிட்டாய் பாட்டில்தான் பெரிய தலைவலி. கடைசியில பபிள் டீ ஸ்ட்ரா கை குடுத்துச்சு. 12 மில்லிமீட்டர் விட்டம், ரெண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினா அச்சு அசல் மிட்டாய் பாட்டில். மூடியை மட்டும் சிவப்புக் களிமண்ல தனியா சுட்டு ஒட்டணும்.

மூணு மாசம் கழிச்சு, பிறந்தநாள் அன்னைக்கு அப்பா முன்னாடி கடையை வெச்சேன். கண்ணாடியை மாட்டிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் போனைக் கையில வெச்சுட்டு, அழுவார், வீடியோ எடுக்கலாம்னு நிக்கிறேன்.

"இது யாரு கடை?"ன்னு கேட்டார்.

"உங்க கடைதான்பா."

"என் கடை இப்படியா இருந்துச்சு? பழத்தார் இடது பக்கம்லா தொங்கும். வலது பக்கம் வெயிலு. ஒரே நாள்ல கருத்துரும்லா." அப்புறம் விரலை நீட்டினார். "கமர்கட் பாட்டில மேல வெச்சிருக்க. சின்னப் புள்ளைக்கு எப்படிலே எட்டும்?"

எனக்கு முதல்ல கோபம்தான் வந்துச்சு. மூணு மாச உழைப்பு. போனை உள்ள வெச்சுட்டேன். ராத்திரி படுத்து யோசிச்சா, சென்னை வந்ததுலேர்ந்து அப்பா ஒரே மூச்சுல இவ்வளவு பேசினதே இல்லை. இன்னொண்ணும் உறைச்சுது. 18 வயசு வரைக்கும் அந்தக் கடையிலதான் வளர்ந்தேன். பழம் ஏன் இடது பக்கம் தொங்குச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

அமெரிக்காவுல ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீன்னு ஒருத்தங்க. 1940கள்ல இதே ஒன்றுக்குப் பன்னிரண்டு அளவுல, மரணம் நடந்த அறைகளைச் செஞ்சாங்க. போலீஸ்காரங்களுக்குத் துப்பறியும் பயிற்சி குடுக்கத்தான். குண்டூசியை வெச்சே குட்டி சாக்ஸ் பின்னினவங்க அவங்க. அந்த அறையில எது எங்க இருக்கோ, அதுதான் சாட்சி. பொருளை இடம் மாத்தினா உண்மையே மாறிடும். நான் கடையில இருந்த பொருளை எல்லாம் செஞ்சுட்டேன், அது எங்கெங்க இருந்துச்சுன்னு கேக்கவே இல்ல.

மறுநாள் கடையை மொத்தமாப் பிரிச்சேன். அப்பா நாற்காலியை என் டேபிள் பக்கத்துல போட்டேன். கோலி சோடா கிரேட் எங்க, சிகரெட் பத்த வைக்கிற கயிறு எந்தக் கம்பத்துல, ஷாம்பூ சரம் எத்தனை, எல்லாம் அவர் சொல்லச் சொல்ல செஞ்சேன். பத்து நாள்ல அவரே ஊசியை எடுத்து கடலை மிட்டாய்ல கோடு போட ஆரம்பிச்சுட்டார். கை நடுங்கும். நிஜ கடலை மிட்டாய் மட்டும் என்ன, நேர்க்கோட்டுலயா இருக்கு?

எல்லாம் முடிஞ்சப்போ, "நோட்டு எங்கலே?"ன்னார்.

கடன் நோட்டு. கல்லாவுக்கு மேல ஆணியில தொங்கும். பில் பேப்பரை வெட்டி, 25 மில்லிமீட்டர் நீளத்துல தைச்சேன். ஜீரோ பாயின்ட் ஒன் பேனா எடுத்து, "யார் யார் பேருப்பா எழுதணும்?"னு கேட்டேன்.

"ஒண்ணும் எழுதாத. கடைய எடுக்கறதுக்கு முந்தின நாள் ராத்திரியே கிழிச்சுப் போட்டுட்டேன்."

"எவ்வளவுப்பா இருந்துச்சு?"

"அத எதுக்குலே இப்ப கேக்க?"

அந்த வருஷம்தான் என் கடைசி செமஸ்டர் ஃபீஸுக்கு அம்மா வளையல் அடகுக்குப் போச்சு. அதுக்கு மேல நானும் கேக்கல. வெறும் நோட்டை ஆணியில மாட்டிட்டேன்.

இப்போ கடை ஹால்ல டிவிக்குப் பக்கத்துல இருக்கு. பழத்தார் இடது பக்கம், கமர்கட் கீழ் தட்டுல. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாவே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து கதை சொல்ல ஆரம்பிச்சுடறார்.

நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா நாலு கலர் போதும். வெள்ளை, மஞ்சள், பிரவுன், டிரான்ஸ்லூசன்ட். ஒரு பழைய டூத்பிரஷ், ஒரு ஊசி, ஒரு பிளேடு. மீந்த களிமண்ணைக் கண்ட பிளாஸ்டிக் டப்பாவுல போடாதீங்க, சில பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டிக்கும். அடியில 5ன்னு போட்ட டப்பா சரி. சென்னை வெயிலுக்கு, ஃபேன் காத்து படற நிழலான இடத்துல வைங்க. முக்கியமா, யாரோட இடத்தைச் செய்யப்போறீங்களோ, அவங்க இருக்கும்போதே பக்கத்துல உக்கார வெச்சுக் கேட்டுடுங்க. சர்ப்ரைஸ் எல்லாம் வேண்டாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுக்குள்ள அப்பா கேட்ட ஒரு டி.வி.எஸ். 50 செஞ்சு முடிக்கணும். எதிர்க்கடைக்காரரோடதாம்.