கோலமும் உள்ளமும்

மாணவ மாணவியரே,

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் வழக்கு. ஆடையாகிய பாதியை நாம் ஒரு நொடியில் படித்துவிடுகிறோம்; ஆளாகிய மற்றப் பாதியைப் படிக்கப் பொறுமை கொள்வதில்லை. இதனால் விளையும் தீங்கு யாது? ஆசிரியப் பணியாற்றிய ஓர் அமெரிக்க அம்மையாரின் வாழ்க்கையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அவர் பெயர் ஜோன் நெஸ்ல். 1940-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தவர். அவர் பிறக்குமுன்பே தந்தையார் காலமானார். கணக்கெழுதும் வேலை செய்து தாயார் அவரை வளர்த்தார். பின்னாளில் அவர் குயின்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். பெண்ணாகிய அவருடைய உள்ளம் பெண்களையே நாடிற்று. இவ்வியல்பைத் தன்பாலீர்ப்பு என்று இன்று தமிழில் வழங்குகிறோம்.

1950-களில் அந்நகரில் இத்தகைய பெண்கள் கூடுவதற்குச் சில மதுக்கூடங்களே இருந்தன. அங்கும் காவலர் புகுந்து சோதனையிடுவர். செய்தி வெளிப்பட்டால் வேலை போகும், வீடும் கைவிடும். அப்பெண்களுள் சிலர் கால்சட்டை அணிந்து, முடியைக் குறுக வெட்டி, ஆண்மைச் சாயலோடு வாழ்ந்தனர்; அவர்களைப் ‘புட்ச்’ என்றனர். வேறு சிலர் பாவாடையும் உதட்டுச் சாயமுமாகப் பெண்மைக் கோலத்தையே விரும்பி ஏற்றனர். அவர்களை ‘ஃபெம்’ என்றனர். பெண் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது. நெஸ்ல் அம்மையார் தம்மை ஃபெம் என்றே அழைத்துக்கொண்டார்.

இக்கோலத்தாருக்கு நேர்ந்த இடர் இருவகைப்பட்டது. ஊரார், “இவள் மற்றப் பெண்களைப் போலத்தானே இருக்கிறாள்? யாரோ இவள் மனத்தைக் கெடுத்துவிட்டார்கள்” என்றனர். 1970-களில் எழுந்த பெண்ணுரிமை இயக்கத்தாருள் சிலரோ, “உதட்டுச் சாயம் ஆடவர் பூட்டிய விலங்கு; நீங்கள் கணவன் மனைவி நாடகம் ஆடுகிறீர்கள்” என்று கடிந்தனர். பகைவர் பழித்தது ஒருபுறம் இருக்க, தோழியரும் பழித்தனர். இரு சாராரும் கோலத்தைக் கண்டனரேயன்றி, அதனைத் தேர்ந்துகொண்ட உள்ளத்தைக் காணவில்லை.

1981-இல் அம்மையார் ஒரு கட்டுரையில் இதற்கு விடையிறுத்தார். ஃபெம் ஒருத்தி அணி செய்துகொண்டது ஆடவரைக் கவர்வதற்கன்று. அது தான் விரும்பும் பெண்ணின் கண்களுக்காக. புட்ச் தோழியின் கைகோத்து அவள் தெருவில் நடந்தபோது, மறைத்திருக்கக்கூடிய தன் இயல்பைத் தானே உலகறியச் செய்தாள். அது அடிமைத்தனம் அன்று. துணிவு என்பதே அவர் வாதம். 1992-இல் இத்தகையோர் பலருடைய எழுத்துக்களைத் தொகுத்து ஒரு நூலும் வெளியிட்டார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரே ஆடையை ஒருத்தி வற்புறுத்தலால் அணிகிறாள். மற்றொருத்தி விருப்பத்தால் அணிகிறாள். ஆடை ஒன்றே, பொருள் வேறு. அப்பொருளைக் கூறும் உரிமை அணிந்தவளுக்கே உரியது.

அம்மையார் ஆற்றிய மற்றொரு பணியும் உண்டு. 1974-இல் நண்பர் சிலரோடு சேர்ந்து, இப்பெண்களின் கடிதம், நாட்குறிப்பு, நிழற்படம் ஆகியவற்றைத் திரட்டி ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது அவர் குடியிருப்பிலேயே இயங்கிற்று; 1993-இல் புரூக்ளினில் சொந்தக் கட்டடம் கண்டது. உறவினர் நாணித் தீயிலிடக்கூடிய தாள்களெல்லாம் அங்கே வரலாறாயின.

இது கடல் கடந்த கதையன்றோ எனலாம். தன்பாலீர்ப்புக் குற்றமன்று என்று நம் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் காப்பு நாடிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அடைந்தனர். அவ்வழக்கில், பெற்றோர்-ஆசிரியர் கழகங்களின் வாயிலாகப் பெற்றோர்க்கும் இதனை உணர்த்துமாறு நீதிமன்றம் வழி கூறிற்று.

சட்டம் வாயிலைத் திறக்கும்; உள்ளே வந்தவரை இருத்தி உபசரிப்பது மக்கள் கடமை. உங்கள் வகுப்பிலும் அத்தகைய தோழி ஒருத்தி இருக்கலாம். அவள் கோலத்தை வைத்து அவளை அளவாதீர். பட்டப்பெயர் சூட்டாதீர். அவளாக வாய்திறக்கும் வரையில் துருவிக் கேளாதீர். திறந்தால் செவிசாய்த்துக் கேளுங்கள். கேட்டதைப் பிறரிடம் பரப்பாதீர். ஒரு பிள்ளை அஞ்சாமல் பள்ளிக்கு வருவதற்கு இவ்வளவே போதும்.