தடுப்பூசிக்குப் பின் எழும்பாத கை
(பாஞ்சாலங்குறிச்சி நண்பர்கள் கூட்டத்தில் பேசியது)



தடுப்பூசி போட்ட கை ஓரிரு நாள் வலிப்பது எல்லாரும் அறிந்ததே. நாங்கள் சொல்ல வந்தது வேறு. ஊசி புஜத்தின் சதையில் இறங்காமல் மேலே தோள்மூட்டுப் பக்கம் இறங்கிவிட்டால், 48 மணி நேரத்துக்குள் வலி கண்டு, மாதக்கணக்கில் கை எழும்பாமல் போகலாம். அபூர்வம்தான். ஆனால் உப்பு வாருகிறவருக்கும், வலை இழுக்கிறவருக்கும், இந்தக் கரிசலில் பருத்தி எடுக்கிறவருக்கும் தோள் போனால் கூலி போயிற்று. ஆகவேதான் காலரை இழுத்துவிட்டு ஊசி போடாமல், சட்டையைக் கழற்றச் சொல்லி, தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே போட வேண்டும் என்கிறோம்.

நஷ்டஈடு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1988 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. தடுப்பூசி மீதான வரியே அதற்கு நிதி. 2017இல் தோள் காயத்தையும் அதன் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. முன்பு அந்தத் தோளில் கோளாறு இல்லை, 48 மணி நேரத்துக்குள் வலி வந்தது, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தது என்பதற்குத்தான் ஆதாரம் கேட்பார்கள்.

நம் நாட்டில் வழக்கமான தடுப்பூசிகளுக்கு அப்படியொரு நிதி இல்லை. கவனக்குறைவு நடந்தது என்று பாதிக்கப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எல்லாருக்கும் இலவசமாகச் செய்யும் இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றும், சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடத்தில் இலவசமாகப் பெற்றவருக்கும் அந்த உரிமை உண்டு என்றும் 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஆஸ்பத்திரி இரண்டாவது வகை. அதாவது, தங்கள் காணிக்கையால் சிகிச்சை பெறும் ஏழையும் நம்மீதே வழக்குத் தொடரலாம். சிலருக்கு இது கசப்பாயிருக்கும். எங்களுக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் வழக்கு நிற்பது காகிதத்தில். நம் ஜனங்களோ எண்ணெய் தடவிக்கொண்டு மூன்று மாதம் பொறுத்துவிட்டு வருகிறார்கள். வலி என்று தொடங்கியது என்பதற்கு எழுத்தே இராது. வலி கண்டவுடன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொன்னால், தடுப்பூசிக்குப் பின் வந்த பாதிப்பு என்று பதிவு செய்வார். போட்ட இடத்தில் பதிவேட்டின் நகல் கேட்கலாம். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

எந்தக் கை, எந்த நாள், மருந்தின் பேட்ச் எண், போட்டவர் யார் என்று எழுதிய அட்டை ஒன்றை எல்லாருக்கும் கொடுக்கிறோம். வலி தொடங்கிய நாளைக் குறிக்க அதன் பின்பக்கம் இடம் விட்டிருக்கிறோம். எழுதத் தெரியாதவர் எங்கள் நர்ஸ் யாரிடமும் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளலாம், அது எங்களுக்கு எதிரான சாட்சியாகவே இருந்தாலும்.