மெத்ரே பண்ணை: சிறுவர் சீர்திருத்தத்தின் ஆரம்ப சரித்திரம்



பிரெஞ்சு தேசத்தில் 1810-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் விநோதமான விதியொன்று இருந்தது. 16 வயதுக்குட்பட்ட பையன் நன்மை தீமை அறியாமல் குற்றம் செய்தானென்று கண்டால், அவனைக் குற்றவாளியல்லவென்று தீர்க்கவேண்டும்; ஆயினும் பெற்றோரிடம் ஒப்புவிக்கத் தகாதெனில், 20 வயது நிறையும் வரையில் அடைத்து வைக்கலாம். தீர்ப்போ விடுதலை, வாசமோ சிறைச்சாலை!

பாரிஸ் நகரத்து நீதிபதி தெமெத்ஸ் என்பவருக்கு இது மனம் பொறுக்கவில்லை. அவர் 1836-ல் அமெரிக்கா சென்று அங்குள்ள சிறைகளைப் பார்வையிட்டார். பின்னர் நீதிபதி உத்தியோகத்தையே துறந்தார். தூர் நகருக்கருகிலுள்ள மெத்ரே கிராமத்தில் நண்பரொருவர் நிலம் உதவினார். 1840 ஜனவரியில் முதற் பையன்கள் வந்து சேர்ந்தனர். அதற்கு முன்பே, 1839-ல், அவர்களை வளர்க்கவேண்டிய வாலிபர்களைத் திரட்டித் தெமெத்ஸ் பயிற்சியளித்துவிட்டார். கட்டடத்துக்குப் பணம் சேர்ப்போர் எங்கும் உண்டு; ஆளை முதலில் தயார் செய்தவர் அக்காலத்தில் அரியர்.

பண்ணைக்கு மதிற்சுவர் கிடையாது. ஏறக்குறைய 40 பையன்களுக்கு ஒரு வீடு; அது ஒரு குடும்பமெனப்பட்டது. அதற்கு ஒரு தலைவர். அவருக்குத் துணையாகப் பையன்களே தெரிந்தெடுத்த தமையன்மார். இரவில் தொங்கு படுக்கைகளில் உறங்குவர். காலையில் அவற்றைச் சுருட்டிவிட்டால் இடம் வேறு காரியத்துக்கு உதவும். உழவே பிரதான வேலை. கொல்லு, தச்சு முதலியனவும் கற்பிக்கப்பட்டன. வெளியேறிய பையனைக் கவனித்துவர ஒரு போஷகரும் ஏற்படுத்தப்பட்டார். இதுவே அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. பையனை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பிப் பாராத ஸ்தாபனம், கடன் கொடுத்துவிட்டு அது எவ்வழியிற் செலவாயிற்றென்று விசாரியாத சங்கத்தை ஒக்கும்.

மெத்ரேயின் கீர்த்தி பரவிற்று. அதைப் பின்பற்றி இங்கிலாந்தில் 1849-ல் ரெட்ஹில் பண்ணைப் பள்ளி தோன்றிற்று. 1854-ல் அந்நாட்டிலும், 1876-ல் இந்தியாவிலும் சீர்திருத்தப் பள்ளிகளுக்கான சட்டங்கள் பிறந்தன.

ஆனால் மெத்ரேயில் ஆரம்பமுதலே தனியறைத் தண்டனையும் இருந்தது. புகழ்ந்து எழுதினோர் பலர் அதை மெல்லக் கடந்து சென்றனர். 1873-ல் தெமெத்ஸ் காலமானார். காலப்போக்கில் குடும்பமென்னும் பெயர் நின்றது, அதன் பரிவு குறைந்தது. கடின வேலையும் அடியும் மிகுந்தன. பத்திரிகைகள் அக்கொடுமைகளை வெளியிட்டுக் கண்டித்தன. 1937-ல் பண்ணை மூடப்பட்டது. சிறுவர் விஷயத்தில் தண்டனைக்கு முன்னே போதனையை வைக்கும் பிரெஞ்சு அவசரச் சட்டம் 1945 பிப்ரவரியிலேயே பிறந்தது.