மாநிலச் செயலர் என்றொருவர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போனில் பேசும்போது, "அமெரிக்கத் தேர்தலைப் பத்தி ஏதாவது சொல்லுங்க சார். ஆனா ஜனாதிபதி தேர்தல்லேர்ந்து ஆரம்பிச்சுடாதீங்க, அதை எல்லாரும் டி.வி.யில பார்த்தாச்சு" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆகவே இங்கே பலரும் கேள்விப்பட்டிராத ஒரு பதவியைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அதன் பெயர் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்.

"கேள்விப்படாம என்ன, கிஸிஞ்சர், ஹிலாரி கிளின்டன் எல்லாம் இருந்த பதவிதானே?" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அது வேறு, இது வேறு. அவர்கள் வாஷிங்டனில் ஜனாதிபதி நியமிக்கும் வெளியுறவு அமைச்சர்கள். நான் சொல்வது ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக இருக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். தமிழில் மாநிலச் செயலர் என்று வைத்துக்கொள்வோம். நம் கோட்டையில் உட்காரும் தலைமைச் செயலாளரோடும் இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம்மவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அங்கே இவர் பெரும்பாலும் கட்சி வேட்பாளராக நின்று, ஓட்டு வாங்கி வருகிற அரசியல்வாதி.

1986இல் நான் இல்லினாய் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே போய் இறங்கிய ஒருவன் முதலில் வாசல் ஏற வேண்டிய அரசாங்க ஆபீஸ் இவருடையதுதான். கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாத ஊர் அது. லைசென்ஸ் வேண்டும், நம்பர் பிளேட் வேண்டும். நம் ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நடக்கிற அத்தனை வேலையும் இல்லினாயில் மாநிலச் செயலரின் பொறுப்பு. அதோடு விட்டார்களா? கம்பெனி பதிவு அவரிடம். மாநில நூலகம் அவரிடம். உடல் உறுப்பு தானப் பட்டியல் அவரிடம். மாநிலத்தின் பெரிய முத்திரையைப் பாதுகாப்பதும் அவர்தான். இந்த முத்திரை வேலைதான் ஆதியில் இந்தப் பதவி பிறந்ததற்கே காரணம். கவர்னர் கையெழுத்திட்டது உண்மைதான் என்று சாட்சி சொல்லி, முத்திரை குத்தி, ஏட்டில் ஏற்றி வைக்க ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த முத்திரை இன்றைக்கும் நம் ஊர் வரை வருகிறது. இங்கே நிலம் வைத்திருக்கும் அமெரிக்கத் தமிழர் தம்பிக்கோ மைத்துனருக்கோ 'பவர்' எழுதிக் கொடுக்க வேண்டுமானால், நோட்டரி முன் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அந்த நோட்டரி நிஜமான நோட்டரிதான் என்று மாநிலம் ஒரு சான்று தர வேண்டும். அதற்கு 'அப்போஸ்டில்' என்று பெயர். இந்தியா அந்த உடன்படிக்கையில் 2005இல் சேர்ந்தது. பல மாநிலங்களில் அதைத் தருபவர் மாநிலச் செயலர்தான். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு கைமாறுவதற்கு ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து முத்திரை தேவைப்படுகிறது என்றால் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

இல்லினாய் கதையை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அது சுவாரசியமான கதை. 1970இல் பால் பவல் என்பவர் மாநிலச் செயலராக இருக்கும்போதே இறந்துபோனார். தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் தங்கியிருந்த ஹோட்டல் அறையைத் திறந்து பார்த்தால், ஷூ பெட்டிகளில் கட்டுக் கட்டாக ரொக்கம்! மொத்தம் 8 லட்சம் டாலர் அளவுக்கு. அவர் வாழ்நாளில் வாங்கிய சம்பளம் எந்த வருஷமும் 30,000 டாலரைத் தாண்டியதில்லை. அந்தக் காலத்தில் நம்பர் பிளேட்டுக்கான செக்கை 'பால் பவல்' என்று அவர் பெயருக்கே எழுதித் தருவார்களாம். நம் ஊர் ஆட்கள்கூட இந்த அளவு வசதியாக யோசித்ததில்லை.

ஷூ பெட்டியைக் கேட்டுச் சிரித்தோம். அடுத்த கதையில் சிரிக்க இடமில்லை. 1991 முதல் 1999 வரை ஜார்ஜ் ரையன் மாநிலச் செயலர். அவர் ஆபீஸ் ஊழியர்கள் சிலர், லாரி ஓட்டத் தகுதியில்லாதவர்களுக்கும் லஞ்சம் வாங்கிக்கொண்டு லைசென்ஸ் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ரையனுடைய தேர்தல் நிதிக்கு டிக்கெட் வாங்கப் போயிற்று. 1994 நவம்பரில், மில்வாக்கி அருகே, அப்படி லைசென்ஸ் வாங்கிய ஒருவர் ஓட்டிய லாரியிலிருந்து ஒரு இரும்புப் பாகம் கழன்று தொங்கியது. மற்ற லாரிக்காரர்கள் ரேடியோவில் கத்திச் சொன்னார்கள். அவருக்கு ஆங்கிலம் புரியவில்லை. பாகம் சாலையில் விழுந்தது. பின்னால் வந்த வேன் அதன்மேல் ஏறி, பெட்ரோல் டேங்க் வெடித்தது. ஒரே குடும்பத்தின் ஆறு குழந்தைகள் இறந்தார்கள்.

லைசென்ஸ் என்பது வெறும் அட்டை என்றுதான் நாம் நினைக்கிறோம். பொது இடத்தில் ஒரு மனிதனை நம்பி வண்டியை ஒப்படைக்கலாம் என்று அரசாங்கம் தரும் உத்தரவாதம் அது. விசாரணையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பாய்ந்தது. ரையன் அதற்குள் கவர்னராகி, பதவியும் முடிந்து போயிருந்தார். 2006இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, ஆறரை ஆண்டு தண்டனை பெற்று, 2007இல் சிறைக்குப் போனார். இதே மனிதர்தான் 2003 ஜனவரியில், தம் மாநிலத்தில் தூக்குத் தண்டனைக்குக் காத்திருந்த 167 பேரின் தண்டனையைக் குறைத்தவர். மனிதர்களை ஒரே கணக்கில் அடைக்க முடிவதில்லை.

மாநிலச் செயலர் எப்படிக் கவர்னரானார் என்று கேட்பீர்கள். அதுதான் இந்தப் பதவியின் ரகசியம். மாநிலத்தில் கார் ஓட்டும் ஒவ்வொருவர் பையிலும் இருக்கும் லைசென்ஸில் இவர் பெயர் அச்சாகியிருக்கும். எந்த விளம்பரத்துக்கு இவ்வளவு வீச்சு உண்டு? ரையனுக்கு முன் இருந்த ஜிம் எட்கரும் இதே நாற்காலியிலிருந்துதான் கவர்னரானார். பின்னால் வந்த ஜெஸ்ஸி ஒயிட் மட்டும் மேலே ஏற ஆசைப்படாமல் 1999 முதல் 2023 வரை 24 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். இல்லினாயில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். சிகாகோ ஏழைப் பிள்ளைகளுக்காக 1959இல் கரண வித்தைக் குழு ஒன்றைத் தொடங்கி நடத்தியவர். நான் குடியுரிமை பெற்று முதன்முதலில் ஓட்டுப் போட்டது அவர் முதலில் ஜெயித்த 1998 தேர்தலில்தான். யாருக்குப் போட்டேன் என்று கேட்கக் கூடாது!

சரி, தேர்தலுக்கு வருவோம். 50 மாநிலங்களில் 47இல் இந்தப் பதவி உண்டு. அலாஸ்கா, ஹவாய், யூட்டா மூன்றிலும் துணைக் கவர்னரே இந்த வேலையைப் பார்க்கிறார். 35 மாநிலங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், டென்னஸி மூன்றிலும் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. டெக்ஸாஸ், நியூயார்க் போன்ற மீதி இடங்களில் கவர்னர் நியமனம். ஓரிகன் போன்ற சில இடங்களில் துணைக் கவர்னர் இல்லாததால், கவர்னர் விலகினால் அடுத்து இவர்தான். 2015இல் ஓரிகன் கவர்னர் ராஜினாமா செய்தபோது மாநிலச் செயலர் கேட் பிரவுன் அப்படித்தான் கவர்னரானார்.

இவர்களில் பெரும்பாலோரிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. அதுதான் தேர்தலை நடத்துவது. வாக்காளர் பட்டியல், வேட்பு மனு, இயந்திரங்களுக்கு அனுமதி, கடைசியில் முடிவை அதிகாரபூர்வமாக அறிவிப்பது எல்லாம் இவர் கையில். எண்ணுவது மாவட்டம் மாதிரியான கவுன்ட்டிகள். கையெழுத்துப் போடுவது இவர். சேஷன் காலத்தை, 1990 முதல் 1996 வரை, கண்ணால் பார்த்த நமக்கு இது தலையைச் சுற்ற வைக்கும். தேர்தல் நடத்துபவர் கட்சிக்காரராக இருக்கலாமா? அங்கே இருக்கிறார். அவரே வேட்பாளராகவும் இருக்கலாம்!

2000இல் ஃபுளோரிடாவில் கேத்தரின் ஹாரிஸ் மாநிலச் செயலர். அவரே அங்கு புஷ்ஷின் பிரசாரக் குழுவில் இணைத்தலைவர். சுமார் 60 லட்சம் ஓட்டில் 537 ஓட்டு வித்தியாசத்தில் புஷ் ஜெயித்ததாகச் சான்றளித்தவரும் அவரே. அவர் சட்டப்படி நடந்தாரா இல்லையா என்று வக்கீல்கள் இன்றைக்கும் வாதாடலாம். தோற்றவர் தரப்பு அந்தக் கையெழுத்தை நம்புமா என்பதுதான் என் கேள்வி. 2004இல் ஒஹையோவில் கென் பிளாக்வெல் கதையும் அதேதான். பிரசாரக் குழு இணைத்தலைவரே மாநிலச் செயலர். வாக்காளர் பதிவு விண்ணப்பம் இன்ன தடிமனுள்ள தாளில் இல்லாவிட்டால் ஏற்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, கூச்சல் எழுந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார். தாளின் தடிமனுக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தமோ!

2018இல் ஜார்ஜியாவில் பிரையன் கெம்ப் மாநிலச் செயலராக இருந்துகொண்டே கவர்னர் பதவிக்கு நின்றார். பதவியை விட்டு விலகும்படி முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரே கடிதம் எழுதினார். அவரும் அந்த மாநிலத்தில் கவர்னராக இருந்தவர்தான். கெம்ப் தேர்தல் முடிந்த பிறகுதான் விலகினார். ஸ்டேஸி ஏப்ரம்ஸை விட அவருக்குச் சுமார் 55,000 ஓட்டு அதிகம். கிரிக்கெட்டில் பேட்ஸ்மேனே அம்பயராக நின்ற மாதிரி என்று என் மனைவி சொன்னாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கட்சிக்காரர் என்றாலே மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதே ஜார்ஜியாவில் அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர். குடியரசுக் கட்சிக்காரர், படிப்பால் சிவில் இன்ஜினியர். 2020இல் டிரம்ப்புக்குத்தான் ஓட்டுப் போட்டவர். அங்கே பைடன் 11,779 ஓட்டில் ஜெயித்தார். 159 கவுன்ட்டிகளில் சுமார் 50 லட்சம் சீட்டுகளையும் கையால் ஒரு தடவை எண்ண வைத்தார், பிறகு இயந்திரத்தில் இன்னொரு தடவை. முடிவு மாறவில்லை. 2021 ஜனவரி 2ஆம் தேதி ஜனாதிபதியே போன் செய்து, ஒரு மணி நேரம் பேசி, தமக்கு 11,780 ஓட்டைக் கண்டுபிடித்தால் போதும் என்று கேட்டார். எண்ணைக் கவனித்தீர்களா? ஒன்றே ஒன்று அதிகம். ராஃபன்ஸ்பெர்கர் மசியவில்லை. உங்களிடம் உள்ள தகவல் தவறு என்று நேருக்கு நேர் சொன்னார். வீட்டுக்கு மிரட்டல் வந்தது. அவர் கட்சி கையில் இருந்த சட்டமன்றமே 2021இல் சட்டம் போட்டு, மாநிலத் தேர்தல் வாரியத் தலைவர் பதவியிலிருந்து மாநிலச் செயலரை இறக்கியது. 2022இல் கட்சிக்குள்ளேயே டிரம்ப் ஆதரவு பெற்ற வேட்பாளரைத் தோற்கடித்து, நவம்பரிலும் ஜெயித்தார்.

நான் இரண்டையும் வைத்துப் பார்க்கிறேன். ஹாரிஸும் ராஃபன்ஸ்பெர்கரும் ஒரே கட்சி, ஒரே பதவி, கிட்டத்தட்ட ஒரே அதிகாரம். ஒருவர் பிரசாரத்திலும் இருந்தார், மற்றவர் அந்தப் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். ஆளைப் பொறுத்து நடக்கிற ஏற்பாடு என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நல்ல ஆள் வருவார் என்பது என்ன நிச்சயம்? எங்கள் இல்லினாயில் தேர்தலை மாநிலச் செயலரிடம் விடவில்லை. 1970 அரசியல் சாசனப்படி வந்த தனி வாரியம், எட்டு உறுப்பினர், கட்சிக்கு நாலு பேர். சண்டை வந்தால் நாலுக்கு நாலு என்று நின்றுவிடும், அதுவும் ஒரு தலைவலி. இருந்தாலும் எனக்கு அந்தத் தலைவலியே மேல் என்று படுகிறது. குறைந்தபட்சம், தான் நிற்கும் தேர்தலைத் தானே நடத்தக் கூடாது என்றாவது எல்லா மாநிலமும் சட்டம் போடலாம்.

நேற்று மாலை விடுதிப் பக்கம் போனபோது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர், "அங்க போய் செட்டிலானவங்க இந்தப் பதவிக்கு நிக்க முடியுமா அங்கிள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி, சபையிலேயே பதில் சொல்கிறேன் என்றேன். ஜனாதிபதியாகப் பிறப்பாலேயே அமெரிக்கராக இருக்க வேண்டும். இல்லினாய் மாநிலச் செயலருக்கு அப்படி இல்லை. குடியுரிமை இருக்க வேண்டும், 25 வயது ஆகியிருக்க வேண்டும், தேர்தலுக்கு முன் மூன்று வருஷம் மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். நான் நிற்கப் போகிறேனா என்று தோழர்கள் கண்ணடிக்கிறார்கள். என் கார் லைசென்ஸைப் புதுப்பிக்கவே போன தடவை இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். மீதிக் கேள்விகளைச் சாப்பாட்டுப் பந்தியில் வைத்துக்கொள்ளலாம்.