கண் சிவந்தால் என்ன செய்வது?

(மேட்டுப்பாளையத்தில் சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் கண் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



கண் ஆஸ்பத்திரி ஊழியம் என்றதும் ஆதரவாளர்கள் பலருக்கும் கண்புரை ஆபரேஷன்தான் நினைவுக்கு வரும். முகாம் நடத்துகிறோம், கிராமத்துப் பெரியவர்களை வண்டியில் அழைத்து வருகிறோம், மறுநாள் கட்டைப் பிரித்ததும் பாட்டி சிரிக்கிறார்கள், அந்தப் போட்டோ பத்திரிகையில் வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் இன்று நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல, கண் சிவப்பதைப் பற்றி. இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். புரையால் போன பார்வையைப் பெரும்பாலும் ஆபரேஷன் செய்து திரும்பக் கொடுத்துவிடலாம். சிவந்த கண்ணைத் தவறாகக் கவனித்ததால் போன பார்வையைப் பல சமயங்களில் யாராலும் திரும்பக் கொடுக்க முடிவதில்லை.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். சிவந்த கண்களில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. கண்ணின் வெள்ளைப் பகுதிமேல் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. அதில் முடியைவிட மெலிந்த இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. தூசியோ கிருமியோ வந்தால் அவை விரிகின்றன, கண் சிவக்கிறது. வீட்டுக்குத் திருடன் வந்தால் நாய் குரைப்பது போலத்தான் இது. நாயின் வாயைக் கட்டிவிட்டால் திருடன் போய்விட மாட்டான் அல்லவா? சிவப்பை மட்டும் மறைக்கிற சொட்டு மருந்துகள் செய்வது அதுதான். இதைக் கொஞ்ச நேரத்தில் விளக்குகிறேன்.

நீங்கள் எல்லாரும் அறிந்தது மெட்ராஸ் ஐ. 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. மறு வருஷம் வட இந்தியாவிலும் பரவியது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் வகுப்பு முழுவதும் வரும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கடுமையான ஒரு வகை, வெள்ளை விழியில் இரத்தம் கசியச் செய்கிற வகை, முதன்முதலில் 1969இல் ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் காணப்பட்டது. மனிதன் சந்திரனில் இறங்கிய வருஷம் அது. அதனால் அங்குள்ள ஜனங்கள் அதற்கு அப்பல்லோ நோய் என்று பேர் வைத்தார்கள்! 1971இல் வங்காளத்தில் பரவியபோது அகதிகள் வந்த காலமாயிருந்ததால் ‘ஜாய் பங்களா’ என்றார்கள். ஊருக்கு ஒரு பேர், ஆனால் நோய் ஒன்றுதான். பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருவது.

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று இன்னும் சொல்லுகிறார்கள். அது உண்மையல்ல. அவர் கண்ணைத் தொட்ட கை, கதவின் தாழ்ப்பாளைத் தொடுகிறது. அதே தாழ்ப்பாளை நாம் தொட்டுவிட்டு நம் கண்ணைக் கசக்குகிறோம். இப்படித்தான் வருகிறது. கறுப்புக் கண்ணாடி போடுவது கூச்சத்துக்கு நல்லது, பரவுவதை அது தடுக்காது. தடுப்பது சோப்பும் தண்ணீரும்தான். துண்டு, தலையணை உறை, கண் மை ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். கொதித்து ஆறின தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, பீளையை உள் மூலையிலிருந்து வெளியே துடைத்து, பஞ்சை எறிந்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடின இமைமேல் வைத்தால் எரிச்சல் அடங்கும். ஒரு வாரத்தில், சிலருக்கு இரண்டு வாரத்தில், தானாகவே குணமாகும். வைரஸை ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து கொல்லாது. மஞ்சளாகச் சீழ் வந்து காலையில் இமை ஒட்டிக்கொண்டிருந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். அப்போது வைத்தியர் எழுதிக் கொடுத்தால் போடுங்கள். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் கண் வீங்கிச் சீழ் வந்தால் மாத்திரம் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

கண் சிவந்து அரிப்புதான் பெரிய தொந்தரவாயிருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. நம் பக்கத்தில் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது தூசி, பஞ்சாலைத் தூசி, பார்த்தீனியச் செடியின் பூந்தூள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. சிறு பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பார்கள். கசக்குவதுதான் கெடுதல், வருஷக்கணக்கில் கசக்கினால் கருவிழியின் வடிவமே மாறிவிடும். குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். வெள்ளை விழியில் குங்குமம் கொட்டினது போல ஒரே இடத்தில் செக்கச்செவேலென்று இருந்து, வலியும் இல்லை, பார்வையும் தெளிவாயிருக்கிறது என்றால் அது சிறு இரத்தக் கசிவு. பார்க்கத்தான் பயமாயிருக்கும், இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். இரத்த அழுத்தத்தை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெகுநேரம் செல்போன் பார்த்துச் சிவக்கிற கண்ணுக்கு மருந்து அதைக் கீழே வைப்பதுதான். அதற்கு எந்த ஆஸ்பத்திரியும் வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

பவானி ஆற்றங்கரை ஓரமாகப் பாக்குத் தோப்பும் வாழைத் தோட்டமும், உள்ளே தள்ளினால் கரும்பும் சோளமும், காரமடைப் பக்கம் கறிவேப்பிலையும் விளைகிற ஊர் இது. இங்கே கண்ணில் அடிபடாமல் விவசாய வேலை செய்தவர் யார்? கரும்புத் தோகை கண்ணில் கீறும். சோளத்தட்டு அறுக்கும்போது நுனி குத்தும். கதிர் அடிக்கும்போது நெல் உமி தெறிக்கும். மாட்டின் வால்கூட அடிக்கும். அப்போது கருவிழியின் மேல்தோல் கடுகளவு உரிந்துபோகிறது. கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. கண் உறுத்தும், நீர் வடியும், சிவக்கும். அந்தக் கடுகளவு கீறல் வழியாக, இலையிலும் மண்ணிலும் வாழ்கிற பூஞ்சைக் காளான் உள்ளே போகிறது. சில நாளில் கருவிழியில் வெள்ளையாக ஒரு புண் தோன்றுகிறது. அது ஆறினாலும் தழும்பு நிற்கும். அதைத்தான் நம்மவர்கள் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்கிறார்கள்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். அவர்களில் 284 பேருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. பெரும்பாலும் விவசாய வேலையில்தான். கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சை இருந்தது. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக இன்னொரு ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் ஓரிடத்தில் இதேபோல் கணக்கெடுத்தபோது 11தான். பத்து மடங்கு வித்தியாசம்! மதுரைக் காட்டில் நடப்பது கோயம்புத்தூர்க் காட்டில் நடக்காது என்று எண்ண இடமில்லை.

கரும்பு வெட்டுகிற ஒரு அம்மாள் எங்களிடம் வந்தார்கள். தோகை பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. முதல் நாள் தாய்ப்பால் விட்டார்கள். மறுநாள் ஊரில் கண்ணிலிருந்து தூசி எடுக்கிற ஒருவர் நாக்கால் துழாவிப் பார்த்தார். பிறகு நந்தியாவட்டைப் பூவின் சாறு. அப்புறம் மருந்துக்கடையில் ‘கண் சிவந்திருக்குது, ஏதாவது குடுங்க’ என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினார்கள். அதைப் போட்ட இரண்டு நாள் சிவப்பும் குறைந்தது, வலியும் குறைந்தது. ‘நல்ல மருந்துங்க’ என்று எங்களிடமே சொன்னார்கள். பாட்டிலை வாங்கிப் பார்த்தோம். ஸ்டீராய்டு கலந்தது. நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது; திருடன் உள் அறைக்கே போய்விட்டான். கண்ணைக் காப்பாற்றினோம். பார்வை கை ஆட்டினால் தெரிகிற அளவுக்குத்தான் மிஞ்சியது. அந்த அம்மாளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

பெட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகிய பேர்களில் எது பாட்டிலில் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. கண் வைத்தியர் கையில் அது நல்ல மருந்து. நாங்களே தினமும் எழுதுகிறோம். ஆனால் பூஞ்சைப் புண்ணுக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் புண்ணுக்கும் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமான பாட்டிலை வாங்கி நம் கண்ணில் விடுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தாய்ப்பாலைப் பற்றியும் கேட்பீர்கள். குழந்தைக்கு அதைப்போல ஆகாரம் இல்லை. ஆனால் கீறல் விழுந்த கருவிழிக்கு அது மருந்தல்ல. நாக்கைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். வாயில் இருக்கிற கிருமிகள் அத்தனையும் புண்ணுக்குள் போகும்.

பூஞ்சைப் புண்ணுக்கு மருந்து இருக்கிறது. நேட்டமைசின் என்ற சொட்டு மருந்து. தென்னிந்தியாவில் அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், விலை கூடிய புது மருந்தைவிட இந்தப் பழைய மருந்தே நல்ல பலன் தந்தது. ஆனால் மணிக்கொரு தரம், வாரக்கணக்கில் போட வேண்டும். கூலி வேலைக்காரர் வீட்டில் அதற்கு ஒரு ஆள் கூட இருக்க வேண்டும். அவருடைய கூலியும் போகும். மருந்து கேட்காமல் போனால் கருவிழி மாற்று ஆபரேஷன். அதற்குக் கண் தானம் வேண்டும். கிடைத்தாலும் பழுத்த புண்ணில் ஒட்டிய கருவிழி பல சமயம் தெளிவாய் நிற்பதில்லை.

வராமல் தடுப்பதோ மிகவும் எளிது. நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில் கிராமத்து ஊழியர்களுக்குச் சாதாரணப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஃப்ளோரசின் என்ற சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கீறல் இருந்தால் பச்சையாய்த் தெரியும். உடனே குளோரம்ஃபெனிகால் களிம்பு, ஒரு நாளைக்கு மூன்று தரம், மூன்று நாள். அவ்வளவுதான். இப்படி 442 பேருக்குச் செய்ததன் முடிவு 2001இல் வெளியானது. அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. ஒரு நாள் கழித்து, இரண்டு நாளைக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது. பிறகு மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் இதேபோல் செய்து நல்ல பலன் கண்டார்கள்.

இந்தக் கணக்கைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். காலையில் காட்டில் கண்ணில் அடிபட்டால் அன்று சாயங்காலத்துக்குள் கண் பரிசோதிக்கிற இடத்துக்குப் போக வேண்டும். ‘நாளைக்குச் சந்தை, நாளன்னிக்குப் போலாம்’ என்று விட்டால் காலம் தாண்டிவிடும். நீங்கள் கொடுக்கிற காணிக்கைகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறீர்களே, எதற்குச் செலவாகிறது என்று. ஒரு களிம்புக் குழாய்க்கும் ஒரு கருவிழி மாற்று ஆபரேஷனுக்கும் ஆகிற செலவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆபரேஷன் போட்டோ நன்றாக வரும். களிம்பு போட்ட கண்ணில் படம் எடுக்க ஒன்றுமே இருக்காது. அது சாதாரணக் கண்ணாகவே இருந்துவிடும்.

வேறு சில ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவோ பாக்கெட்டோ குழந்தைகள் கையில் வெடித்துக் கண்ணில் தெறித்தால், அல்லது பூச்சிமருந்து தெறித்தால், முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். அந்த இடத்திலேயே நல்ல தண்ணீரை அரை மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்து ஊற்றிக் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் வண்டி ஏற வேண்டும். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் வெல்டிங் வெளிச்சத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்த தம்பிகளுக்கு நடுராத்திரியில் மணல் கொட்டினது போல வலிக்கும். ஓரிரு நாளில் ஆறிவிடும். மரத்துப்போகச் செய்கிற சொட்டு மருந்தை வீட்டுக்கு வாங்கிப் போய்ப் போட்டால் புண் ஆறாது. லேத்தில் இரும்புப் பிசிறு கருவிழியில் ஏறினால் சக வேலைக்காரர் ஊசியால் எடுக்கக் கூடாது. கூர்மையான பொருள் குத்திக் கண் கிழிந்திருந்தால் கழுவவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து மேலே ஒட்டி அழைத்து வாருங்கள்.

வயதான அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கண் சிவந்து, அந்தப் பக்கம் தலை பிளக்கிற வலி, வாந்தி, விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் போல வட்டம் தெரிந்தால், அது பித்தம் அல்ல. கண் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். சுக்குக் கஷாயம் குடித்து விடியும்வரை படுத்திருந்தால் விடியும்போது பார்வை போயிருக்கும். அந்த இரவே வர வேண்டும்.

ஆகவே கண் சிவந்தவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. நன்றாக வலிக்கிறதா? பார்வை மங்குகிறதா? வெளிச்சம் தாங்க முடியவில்லையா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் அன்றைக்கே கண் வைத்தியரிடம் அனுப்புங்கள். கூடவே, காட்டு வேலையில் ஏதாவது பட்டதா என்று கேளுங்கள். பலர் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ‘சும்மா இலை பட்டதுங்க’ என்பார்கள்.

அனுப்பும்போது, அதுவரை கண்ணில் என்னென்ன விட்டார்களோ அதைச் சொல்லச் சொல்லுங்கள். சாறானாலும் சரி, எண்ணெயானாலும் சரி, கடை மருந்தானால் பாட்டிலையே கொண்டுவரச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து பாட்டிலை வழியிலேயே எறிந்துவிட்டு வருகிறார்கள். நாங்கள் திட்டுவதில்லை. அந்தப் பாட்டிலில் எழுதியிருப்பதை வைத்துத்தான் எந்த மருந்தை முதலில் நிறுத்துவது என்று தீர்மானிக்கிறோம்.