நகர்க்கு நகர் நட்பு

(தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

நம் நகர் அயல்நாட்டு நகர் ஒன்றனோடு நட்புறவு பூணுதல் நன்றா? நன்றெனின் அதனை எங்ஙனம் செய்வது? இவை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தாய்மொழிப் பற்றாளர்க்கு அயலார் நட்பு எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். தன் தாயை மதிப்பவனுக்கே பிறன் தாயின் அருமை தெரியும். ஆகலின் இது நமக்குரிய பொருளே.

ஒரு மேசை விரிப்பிலிருந்து தொடங்குகின்றேன். உருசிய நாட்டில் வோல்கா ஆற்றங்கரையில் உள்ள வோல்கோகிராடு நகரின் போர் அருங்காட்சியகம் அவ்விரிப்பைப் போற்றி வைத்துள்ளது. அதனைத் தைத்தவர்கள் இங்கிலாந்தின் கோவென்றி நகர்ப் பெண்கள். 1940 நவம்பர் 14 இரவு செருமானிய வானூர்திகள் கோவென்றியின்மேல் குண்டு மாரி பொழிந்தன. ஓரிரவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரின் பழம்பெரும் கிறித்தவக் கோயில் சுவர்கள் மட்டும் எஞ்ச எரிந்தழிந்தது. ஈராண்டு கழியுமுன், 1942 ஆகத்துத் திங்களில், அதே செருமானிய வானூர்திகள் அப்பொழுது இசுடாலின்கிராடு என வழங்கிய வோல்காக்கரை நகரைச் சாம்பலாக்கின. எரிந்த ஊரின் துன்பம் எரிந்த ஊர்க்கு எவரும் சொல்லாமலே விளங்கிற்று. கோவென்றிப் பெண்கள் 830 பேர் ஆளுக்கு ஆறு பென்சு காசு திரட்டி, தத்தம் பெயரை அவ்விரிப்பிலே பூத்தையலாகத் தைத்து, இசுடாலின்கிராடு மக்களுக்கு அனுப்பினர். பெரிய இரக்கத்தினும் சிறிய உதவியே மேல் என்னும் கருத்தையும் அதில் தைத்தனர். 1944-இல் இரு நகர்களும் முறைப்படி உறவு பூண்டன. இன்று உலகெங்கும் பரவியுள்ள நகர்நட்பு முறைக்கு அவ்வுறவு ஒரு முன்னோடி.

அப்பெண்கள் வோல்காவைக் கண்டதில்லை. உருசிய மொழியைக் கற்றதில்லை. காணாமலே நட்புக் கொள்ள இயலுமா என்று தமிழன் கேட்கமாட்டான். பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர் ஆண்ட கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே உயிர் நண்பராய் வாழ்ந்ததைப் புறநானூறு காட்டுகின்றது. ஊர் வேறு, நாடு வேறு, ஆட்சி வேறு, உள்ளம் ஒன்று. நகர்நட்பின் உயிர்நாடி அதுவே.

துன்பத்தில் ஒத்தவர் நட்பாதல் எளிது. துன்பம் செய்தவரோடு நட்பாதல் எளிதா? அதனையும் கோவென்றி செய்து காட்டியது. 1945 பிப்ரவரியில் ஆங்கிலேய, அமெரிக்க வானூர்திகள் செருமனியின் திரெசுடன் நகரை எரித்தன. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். பழிக்குப் பழி தீர்ந்தது என்று கோவென்றி மகிழவில்லை. 1959-இல் அந்நகரோடும் உறவு பூண்டது. 1965-இல் கோவென்றிக் கோயிலின் முயற்சியால் ஆங்கிலேய இளைஞர்கள் திரெசுடன் சென்று, குண்டுவீச்சில் இடிந்த மருத்துவமனை ஒன்றனைச் சீர்செய்யும் பணியில் தங்கள் கையாலேயே உழைத்தனர். தந்தையர் இடித்த இடத்தில் மைந்தர் கல் சுமந்தனர். இதனினும் சிறந்த உடன்படிக்கை எந்த ஏட்டில் எழுதப்பட்டுள்ளது?

இனி, இவ்வுறவின் பெயரை நோக்குவோம். ஆங்கிலேயர் இதனை இரட்டைப்பிள்ளை உறவாகக் கண்டு 'இரட்டை நகர்' என்றனர். உருசியர் 'உடன்பிறப்பாக ஏற்ற நகர்' என்றனர். செருமானியர் 'பங்காளி நகர்' என்பர். 1956-இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் தொடங்கி வைத்த அமெரிக்க இயக்கம் 'உடன்பிறந்தாள் நகர்' என்னும் பெயரைப் பரப்பியது. சப்பானியரும் அவ்வாறே வழங்கினர். ஆயின் 1973-இல் சப்பானின் கோபே நகரும் சீனத்தின் தியான்சின் நகரும் உறவு பூண்டபொழுது, சீனர் அச்சொல்லை ஏற்காமல் 'நட்பு நகர்' என்றனர். உடன்பிறந்தாள் என்னும் சொல்லுக்குள் மூத்தவள், இளையவள் என்னும் ஏற்றத்தாழ்வு புகுந்துவிடுகின்றது என்பதே அதற்குக் கரணியம் என்பர்.

தமிழிலும் அக்கை உண்டு, தங்கை உண்டு.  ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து நாம் ஏன் இடர்ப்பட வேண்டும்? 'நட்பு நகர்' என்போம்; 'கேண்மை நகர்' என்றாலும் நன்றே. நட்பில் மூப்பு இளமை இல்லை. பெரிய ஊர் சிறிய ஊர் இல்லை. கொடுப்போன் இரப்போன் இல்லை.

நம் தலைநகர்க்கும் இத்தகைய உறவுகள் உண்டு. 1960-களிலேயே சென்னை அதே வோல்கோகிராடு நகரோடு உறவு பூண்டது. 1984-இல் அமெரிக்காவின் தென்வர் நகரோடு உறவு பூண்டது. இவ்வவையில் எத்தனை பேர் இதனை முன்னரே அறிவீர்கள்? கைகளை உயர்த்துங்கள். (சில கைகளே உயர்ந்தன.) குறை உங்களுடையதன்று. உடன்படிக்கையில் மாநகராட்சி ஒப்பமிட்டால் மட்டும் போதாது. மக்களின் பெயர் அதில் தைக்கப்பட வேண்டும். இல்லையேல் மாலையும் விருந்தும் முடிந்த மறுநாளே அது பேழைக்குள் உறங்கும்.

மக்கள் பெயர் ஏன் வேண்டும் என்பதற்கு அண்மைய சான்று ஒன்றும் உண்டு. 2022 பிப்ரவரியில் உருசியப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. அடுத்த திங்களே கோவென்றி நகர மன்றம் வோல்கோகிராடு உறவை நிறுத்தி வைத்தது. எழுபத்தெட்டு ஆண்டு உறவு அது! நண்பன் நாடு தவறு செய்தால் வாய்மூடி இருப்பது நட்பாகாது; மன்றத்தார் தங்கள் கண்டனத்தைக் காட்டினர். ஆயின் படையெடுக்க ஆணையிட்டது வோல்காக்கரை நகரன்று. மன்றம் இட்ட முத்திரையை மன்றம் எடுக்கலாம்; 830 பெண்கள் தைத்த பெயரை எவர் பிரிக்க இயலும்? திருவள்ளுவர் நட்பு என்று ஓரதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், நட்பாராய்தல் என்றும் பழைமை என்றும் தனித்தனி அதிகாரங்கள் வைத்தார். ஆராய்ந்து கொள்க, கொண்டபின் பழைமை பேணுக. அந்நெறியை நகர்களும் கற்க வேண்டும்.

ஆகலின் என் வேண்டுகோள் இது. நம் நகர மன்றம் உறவு தேடுமுன் நாம் ஆராய்வோம். நம்மைப் போன்ற தொழிலும், நம்மைப் போன்ற துன்பமும் உடைய ஊரைத் தேர்வோம். நெசவூர் நெசவூரை நாடட்டும். ஆற்றங்கரை ஊர் ஆற்றங்கரை ஊரை நாடட்டும். நம் பள்ளிப் பிள்ளைகள் தமிழில் மடல் எழுதட்டும். அவ்வூர்ப் பிள்ளைகள் தம் தாய்மொழியில் எழுதட்டும். இரண்டையும் பெயர்க்க இருபுறமும் ஆள் அணியமாகட்டும். மூன்றாம் மொழி ஒன்றனுக்குள் இருவரும் ஒளிந்துகொண்டால், ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதெங்கே? நம் நூலகத்தில் அவர்கள் நூல்களுக்கு ஓர் அடுக்கு. அவர்கள் நூலகத்தில் நம் நூல்களுக்கு ஓர் அடுக்கு. அங்கே வெள்ளமென்றால் இங்கே உண்டியல். இங்கே புயலென்றால் அங்கே ஓர் உதவிக்கை. ஆண்டுக்கொருமுறை அதன் கணக்கை இவ்வவையிலேயே படிப்போம்.

ஆறு பென்சு பெருந்தொகையன்று. ஊசியும் நூலும் அரும்பொருள்களல்ல. அவற்றால் ஆன நட்பு எரிந்த இரு நகர்களைக் கடல்தாண்டி இணைத்தது. நம் வீட்டிலும் ஊசி உண்டு, நூல் உண்டு. முதற் பெயரைத் தைக்க எவர் வருகின்றீர்கள்?